அமூர் கரையில் ஓர் ஊர், 124 ரயில்கள்: சோவியத் கொரியர்கள் எல்லையிலிருந்து ஏன் அகற்றப்பட்டார்கள்?

ரஷ்யாவின் தூரக் கிழக்கில், அமூர் ஆறு சீனாவுடனான எல்லையாக ஓடும் பகுதியில், பிளகஸ்லவென்னயே என்றொரு கிராமம் இருக்கிறது. 'ஆசீர்வதிக்கப்பட்ட ஊர்' என்று பொருள். பெயர் ரஷ்யப் பெயர், ஊரை உண்டாக்கியவர்களோ கொரியர்கள். 1869இல் கொரியாவின் வடகோடியில் உள்ள ஹம்கியோங் மாகாணத்தைப் பெரும் பஞ்சம் வாட்டியது. பிழைக்க வழியின்றி எல்லை ஆற்றைக் கடந்து ரஷ்ய மண்ணுக்கு வந்தவர்கள் பல ஆயிரம் பேர். அவர்களில் சுமார் 100 குடும்பங்களை 1871இல் ரஷ்யப் பேரரசரான சாரின் அரசு அதிகாரிகள் கொரிய எல்லையிலிருந்து பல நூறு கிலோமீட்டர் வடக்கே அழைத்துச்சென்று, ஞானஸ்நானம் கொடுத்து, காட்டைத் திருத்திக்கொள்ள நிலமும் கொடுத்து அங்கே குடியமர்த்தினார்கள்.

66 ஆண்டுகள் கழித்து, 1937இன் இலையுதிர் காலத்தில், அந்த மண்ணைத் திருத்தியவர்களின் பேரப்பிள்ளைகள் சரக்கு ரயில்களில் ஏற்றப்பட்டு மத்திய ஆசியாவுக்கு அனுப்பப்பட்டார்கள். ஊர் இன்று யூதத் தன்னாட்சி மாகாணத்துக்குள் இருக்கிறது. அந்த மாகாணமே, எல்லைப்புறத்தில் ஆள் சேர்க்க 1928 முதல் சோவியத் அரசு நடத்திய இன்னொரு குடியேற்றத் திட்டத்தின் விளைவு. ஆக, ஒரு சின்னஞ்சிறு ஊரின் மண்ணில் குடியமர்த்தல், வேறொரு குடியமர்த்தல், அகற்றல் என மூன்று திட்டங்கள் ஒன்றன்மேல் ஒன்றாகப் படிந்து கிடக்கின்றன.

கொரியர்களின் இந்தக் கட்டாய இடப்பெயர்வைப் பற்றிப் பேசுபவர்கள் பெரும்பாலும் ஸ்டாலினின் சந்தேகப் புத்தியைக் காரணமாகச் சொல்லி முடித்துவிடுவார்கள். அந்தச் சந்தேகம் உண்மை. 1937 ஸ்டாலினின் பெருங்களையெடுப்பு உச்சத்தில் இருந்த ஆண்டு என்பதும் தெரிந்ததே. ஆனால் அந்த விளக்கத்தோடு நிறுத்திக்கொண்டால், சார் ஆட்சி வீழ்ந்து போல்ஷெவிக் ஆட்சி வந்த பிறகும் எல்லைப்புற மக்களை அரசு பார்த்த பார்வை மாறாமல் தொடர்ந்ததை நாம் கவனிக்கத் தவறுவோம். எல்லைக்கு அப்பால் உறவும் மொழியும் கொண்ட மக்கள் ஒரு பேரரசுக்கு முதலில் பயன்படுகிறார்கள். பிறகு, அதே உறவுக்காகவும் அதே மொழிக்காகவும் அவர்கள் குற்றவாளிகள் ஆகிறார்கள். இடையில் அந்த மக்கள் எந்தத் தவறும் செய்திருக்க வேண்டியதில்லை. கொரியர்களின் கதையைப் போல இதைத் துலக்கமாகக் காட்டும் வேறொரு கதையை நான் அறியேன்.

1858இல் ஐகுன் ஒப்பந்தமும் 1860இல் பீக்கிங் ஒப்பந்தமும் அமூர் ஆற்றின் வடகரையையும் உசூரி ஆற்றின் கிழக்குக் கரையையும் சீனப் பேரரசிடமிருந்து ரஷ்யாவுக்குப் பெற்றுத்தந்தன. அந்த ஒப்பந்தங்களால்தான் கொரியாவும் ரஷ்யாவும் முதன்முதலாக அண்டை நாடுகள் ஆயின. தூமன் ஆற்றின் கடைசி 17 கிலோமீட்டர் அளவுக்குத்தான் அந்தப் பொது எல்லை. வரைபடத்தில் பெருநிலம் சேர்ந்துவிட்டது, உழுவதற்கு ஆளில்லை. ஐரோப்பிய ரஷ்யாவிலிருந்து ஒரு குடியானவக் குடும்பம் மாட்டு வண்டியோடு கிளம்பினால் சைபீரியாவைத் தாண்டி வந்துசேர ஒன்றிரண்டு ஆண்டுகள் ஆகும். விளாடிவோஸ்டாக்கில் துறைமுகம் கட்ட வந்த சிப்பாய்களுக்குத் தானியம் வேண்டும், காய்கறி வேண்டும், மாடு வேண்டும்.

இந்த வேளையில்தான் தூமன் ஆற்றைத் தாண்டிக் கொரியர்கள் வந்தார்கள். அன்று கொரியாவை ஆண்ட ஜோசோன் அரசு எல்லை தாண்டுவதை மரண தண்டனைக்குரிய குற்றமாக வைத்திருந்தது. அதற்கும் துணிந்து 1863-64இல் 13 குடும்பங்கள் எல்லையை ஒட்டிய போசியெத் வட்டாரத்தில் வந்து குடியேறின. பஞ்சத்துக்குப் பிறகு அது வெள்ளமாகப் பெருகியது. ரஷ்ய அதிகாரிகள் கணக்குப் பார்த்தார்கள். இவர்கள் உழைப்பாளிகள், அரசுக்குச் செலவில்லாமல் விளைவிப்பவர்கள், சாலை போடக் கூப்பிட்டாலும் வருவார்கள். அந்த வகையில் வரவேற்புதான். ஆனால் தாய்நாட்டைத் தொட்டுக்கொண்டே இருக்கும் இடத்தில் இவ்வளவு பேர் சேர்ந்திருப்பது நல்லதா என்ற கேள்வியும் கூடவே எழுந்தது. பிளகஸ்லவென்னயே அந்தக் கேள்விக்கான முதல் விடை. அதாவது, கொரியர்களை எல்லையிலிருந்து தள்ளி வைக்கும் யோசனை 1937இல் முளைத்ததன்று. அவர்கள் வந்த எட்டாவது ஆண்டிலேயே, சலுகையின் வடிவில், அது தொடங்கிவிட்டது.

1884இல் ரஷ்யாவும் கொரியாவும் தூதரக உறவு ஏற்படுத்திக்கொண்டபோது, வந்தவர்களை மூன்றாகப் பிரித்தார்கள். அந்த ஆண்டுக்கு முன் வந்தவர்கள் ரஷ்யக் குடிமக்கள் ஆகலாம், குடும்பத்துக்கு 15 தெசியத்தீனா நிலம் பெறலாம். நம் கணக்கில் ஏறத்தாழ 40 ஏக்கர். பிறகு வந்தவர்கள் குறிப்பிட்ட காலத்துக்குள் கணக்கை முடித்துக்கொண்டு திரும்ப வேண்டும். கூலி வேலைக்காக வந்து போகிறவர்கள் மூன்றாம் வகை. இரண்டாம், மூன்றாம் வகையினர் திரும்பிப் போய்விடவில்லை. கோசாக்குகள் என்ற படைக்குடியினரிடமும் ரஷ்யக் குடியானவர்களிடமும் குத்தகைக்கு நிலம் எடுத்து, விளைச்சலில் பெரும் பங்கை அளந்து கொடுத்துவிட்டு மிச்சத்தில் வாழ்ந்தார்கள். ஒரே மொழி பேசுகிற, ஒரே ஊரிலிருந்து வந்த சொந்தக்காரர்களில் ஒருவர் நிலவுடைமையாளர், இன்னொருவர் காகிதமில்லாத குத்தகைக்காரர். எதிர்காலத்தில் யாரை வேண்டுமானாலும் 'அந்நியர்' என்று சொல்லிவிட இந்தப் பிரிவினை வசதியாக இருந்தது.

1880களில் ஒடெசாவிலிருந்து கப்பல் வழியாக உக்ரைன் குடியானவர்கள் விளாடிவோஸ்டாக்குக்கு வரத் தொடங்கினார்கள். அதன்பின் சைபீரிய ரயில் பாதையும் வந்தது. கொரியர்கள் இல்லாவிட்டால் பட்டினி என்ற நிலை மெல்ல மாறியது. அதிகாரிகளிடையேயும் கருத்து பிளவுபட்டது. 1905 முதல் 1910 வரை பிரியமூர் என்ற இந்தத் தூரக் கிழக்குப் பகுதியின் தலைமை ஆளுநராக இருந்த பாவெல் உன்தெர்பெர்கெர் கொரியர்கள்மீது கடும் வெறுப்புக் கொண்டவர். அவர்கள் மண்ணோடு ஒட்டமாட்டார்கள், போர் வந்தால் எதிரியின் பக்கம் சாய்வார்கள் என்பது அவர் கட்சி. அவருக்குப் பின் வந்த நிகோலாய் கொந்தாத்தி நேர்மாறாக, கொரியர்களுக்குக் குடியுரிமை வழங்குவதை ஆதரித்தார். ஆளுநர் மாறினால் ஒரு சமூகத்தின் தலையெழுத்தே மாறும் என்ற நிலையில் அவர்கள் வாழ்ந்தார்கள்.

1905இல் ஜப்பானிடம் ரஷ்யா தோற்றது. 1910இல் ஜப்பான் கொரியாவை விழுங்கியது. இந்த இரண்டாவது நிகழ்ச்சியின் சட்ட விளைவை ஊன்றிப் பார்க்க வேண்டும். கொரியா ஜப்பானின் பகுதி ஆனதும், உலகில் எங்கிருந்தாலும் ஒவ்வொரு கொரியரும் தன் குடிமகன் என்று டோக்கியோ உரிமை கொண்டாட இடம் ஏற்பட்டது. சீனாவின் வடகிழக்கில் உள்ள மஞ்சூரியாவின் காந்தோ பகுதியில் குடியேறியிருந்த கொரியர்களைச் சாக்காக வைத்தே ஜப்பான் அங்கே தன் தூதரகங்களையும் போலீசையும் நுழைத்தது. தம் மக்களைக் காக்கிறோம் என்று சொல்லி அடுத்தவன் மண்ணில் கால் வைக்கும் பழைய உத்தி அது. ரஷ்ய அதிகாரிகள் இதைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர்களின் அச்சம் முழுக் கற்பனை என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் அச்சம் ஜப்பானியப் பேரரசின் உத்தியைப் பற்றியது, தண்டனை விழுந்ததோ அந்தப் பேரரசிடமிருந்து தப்பி வந்தவர்கள்மீது.

தப்பி வந்தவர்கள் யார் என்று பார்த்தால் இந்த அநியாயம் இன்னும் உறைக்கும். விளாடிவோஸ்டாக்கின் சின்ஹன்சோன், அதாவது 'புதுக் கொரியக் கிராமம்', நாடு கடந்த கொரிய விடுதலை இயக்கத்தின் தலைமையிடங்களில் ஒன்று. 1909 அக்டோபர் 26 அன்று ஹார்பின் ரயில் நிலையத்தில் ஜப்பானிய அரசியல் தலைவர் இத்தோ ஹிரோபுமியைச் சுட்ட ஆன் ஜுங்-குன் இந்தப் பகுதியிலிருந்துதான் கிளம்பிப் போனார். 1918இல் ஜப்பானியப் படை தூரக் கிழக்கில் இறங்கிய பிறகு கொரியப் போராளிகள் செம்படையோடு சேர்ந்து அதை எதிர்த்தார்கள். 1920 ஏப்ரலில் ஜப்பானியப் படை சின்ஹன்சோனைத் தாக்கி எரித்தது, பலரைக் கொன்றது. ஜப்பானை வெறுக்க இவர்களைவிட அதிகக் காரணம் உள்ள மக்கள் அன்றைய சோவியத் எல்லைக்குள் எவருமில்லை.

அதற்குள் ரஷ்ய அரசு எந்திரம் வேறொரு வித்தையையும் கற்றிருந்தது. 1860களில் காகசஸ் போரின் முடிவில் சர்க்காசியர்கள் பல லட்சம் பேர் மலைகளிலிருந்து விரட்டப்பட்டு, கருங்கடலைத் தாண்டி ஒட்டோமான் மண்ணுக்குத் தள்ளப்பட்டார்கள். வழியில் மாண்டவர்கள் ஏராளம். முதல் உலகப் போரின்போது மேற்கு எல்லையில் வோலின் பகுதி ஜெர்மானியக் குடியானவர்களும், போர்முனையை ஒட்டிய ஊர்களின் யூதர்களும் கூட்டம் கூட்டமாக உள்நாட்டுக்கு விரட்டப்பட்டார்கள். ஜெர்மானியக் குடியானவர்களின் நிலத்தைப் பறிக்க 1915இல் சட்டமே இயற்றப்பட்டது. இந்த வட்டாரத்தில் இன்ன இனத்தவர் இத்தனை விழுக்காடு, இவர்கள் நம்பத்தக்கவர், இவர்கள் நம்பத்தகாதவர் என்று மக்களை அட்டவணை போடும் பழக்கம் ராணுவக் கல்விக்கூடங்களில் பாடமாகவே இருந்தது. ஆட்சி போனாலும் அட்டவணை போகவில்லை.

1920களில் சோவியத் அரசு சிறுபான்மையினரிடம் நடந்துகொண்ட விதம், அன்றைய உலகில் வேறெங்கும் காண முடியாதது. இதை ஒத்துக்கொள்ளாமல் மேலே எழுதுவது நேர்மையாகாது. 1923இல் 'சொன்போங்' என்ற கொரியச் செய்தித்தாள் தொடங்கியது. கொரிய மொழிப் பள்ளிகள் நூற்றுக்கணக்கில் பெருகின. போசியெத் கொரியத் தேசிய மாவட்டமாக ஆயிற்று. 1931இல் விளாடிவோஸ்டாக்கில் கொரிய ஆசிரியர் பயிற்சிக் கல்லூரி, 1932இல் கொரிய நாடகக் குழு. ஜப்பானின் பிடியில் கொரிய மொழியே நசுங்கிக்கொண்டிருந்த காலத்தில், எல்லைக்கு இந்தப் பக்கம் ஒரு கொரியப் பிள்ளை தன் தாய்மொழியில் கணக்குப் படித்தது.

இதில் அன்பு மட்டும் இல்லை, திட்டமும் இருந்தது. எல்லைக்கு அப்பால் அடிமைப்பட்டிருக்கும் கொரியர்கள் இந்தப் பக்கத்து உறவினர்களின் நிலையைக் கண்டு மாஸ்கோ பக்கம் திரும்புவார்கள் என்று எதிர்பார்த்தார்கள். மேற்கு எல்லையில் போலந்துக்காரர்கள், பின்லாந்துக்காரர்கள், ஜெர்மானியர்கள் விஷயத்திலும் இதே கணக்குத்தான். எல்லை தாண்டிய உறவு வழியாகத் தம் செல்வாக்கு வெளியே பாயும் என்று நம்பியவர்களுக்கு, அதே வழியாக எதிரியின் செல்வாக்கு உள்ளே வரும் என்று தோன்ற அதிக நாள் பிடிக்கவில்லை. வெளிப்படையாகப் பள்ளிகள் திறந்துகொண்டிருந்தபோதே, 1926 டிசம்பரில், கொரியர்களில் பெரும்பகுதியை 48.5 பாகை வட அட்சக்கோட்டுக்கு மேலே நகர்த்துவதற்கான ரகசிய முடிவு ஒன்று எடுக்கப்பட்டது. போகும் இடத்தில் வீடில்லை, பணமில்லை. நெல் பயிரிடுகிறவன் குளிர் மிகுந்த வடக்கே போக விரும்பவும் இல்லை. திட்டம் பெரும்பாலும் காகிதத்திலேயே நின்றுபோனது. ஆனால் கோப்பு மூடப்படவில்லை.

1930களில் நெருக்கடிகள் அடுத்தடுத்து வந்தன. கூட்டுப்பண்ணைமுறை நெல் வயல்களையும் குத்தகைக்காரர்களையும் புரட்டிப்போட்டது. கொரியர்கள் சிலர் எல்லை தாண்டி மஞ்சூரியாவுக்கே ஓடினார்கள். அந்த ஓட்டமும் சந்தேகக் கணக்கில் எழுதப்பட்டது. 1932இல் மஞ்சூரியாவில் மஞ்சூகோ என்ற பொம்மை அரசை ஜப்பான் நிறுவியதும், சோவியத் எல்லையில் நேராக ஜப்பானியப் படை வந்து நின்றது. மேற்கில் 1935-36இல் லெனின்கிராடு எல்லையிலிருந்து பின்லாந்து இனத்தவரும், உக்ரைன் எல்லையிலிருந்து போலந்து, ஜெர்மானிய இனத்தவரும் அகற்றப்பட்டார்கள். 1936 ஏப்ரல் ஆணை ஒன்று மட்டும் 15,000 குடும்பங்களைக் கஜகஸ்தானுக்கு அனுப்பியது. ஆனால் அப்போதெல்லாம் எல்லையோரத்திலிருந்து குறிப்பிட்ட குடும்பங்களைத்தான் எடுத்தார்கள். ஓர் இனம் முழுவதையும் ஒரு பெரும் பிரதேசத்திலிருந்து துடைத்தெடுப்பது கொரியர்களிடம்தான் முதன்முதலாக நடந்தது.

1937 ஏப்ரல் 23 அன்று கட்சியின் நாளேடான 'பிராவ்தா' தூரக் கிழக்கில் ஜப்பானிய உளவாளிகள் ஊடுருவியிருப்பதாகக் கட்டுரை வெளியிட்டது. ஜூலை 7 அன்று பீக்கிங் அருகே மார்க்கோ போலோ பாலத்தில் மூண்ட மோதல் சீன-ஜப்பான் போராகப் பரவியது. ஆகஸ்ட் 21 அன்று சோவியத் ஒன்றியம் சீனாவுடன் தாக்குதலற்ற உடன்படிக்கை செய்துகொண்டது. அதே நாளில்தான் பிரதமர் மொலோடோவும் ஸ்டாலினும் 1428-326 என்ற எண்ணுள்ள ரகசியத் தீர்மானத்தில் கையெழுத்திட்டார்கள்.

அந்தத் தீர்மானத்தின் நோக்கம் ஒரே வரியில் சொல்லப்படுகிறது: தூரக் கிழக்கில் ஜப்பானிய உளவு ஊடுருவுவதைத் தடுப்பது. அதற்காக எல்லை மாவட்டங்களின் கொரிய மக்கள் அனைவரும் ஆரல் கடல், பல்காஷ் ஏரிப் பகுதிகளுக்கும் உஸ்பெகிஸ்தானுக்கும் அனுப்பப்பட வேண்டும். போசியெத்திலிருந்து தொடங்கி 1938 ஜனவரி 1க்குள் முடிக்க வேண்டும். பொருள்கள், கருவிகள், கால்நடைகள் ஆகியவற்றை எடுத்துச்செல்லலாம். விட்டுச்செல்லும் சொத்துக்கும் பயிருக்கும் இழப்பீடு உண்டு. காகிதத்தில் படித்தால் கண்ணியமான திட்டம் போலத் தோன்றும்.

என்னை அதிர வைத்த பிரிவுகள் வேறு. விரும்புகிற கொரியர்கள் வெளிநாடு செல்வதைத் தடுக்க வேண்டாம், எல்லை கடக்கும் நடைமுறையையும் எளிதாக்கலாம் என்கிறது ஒரு பிரிவு. இவர்கள் உண்மையிலேயே ஜப்பானின் உளவாளிகள் என்று அரசு நம்பியிருந்தால், தெரிந்த ரகசியங்களோடு எதிரியின் பக்கம் போக வழிவிடுமா? அரசுக்கு வேண்டியிருந்தது காலியான எல்லை. அதில் ஆட்கள் எந்தப் பக்கம் போனாலும் அதற்குக் கவலையில்லை. கடைசிப் பகுதியில் உள்ள இன்னொரு பிரிவு, எல்லைக் காவல் படையில் 3,000 பேரைக் கூட்டச் சொல்கிறது. அடுத்தது அவர்கள் தங்க இடம் சொல்கிறது: கொரியர்கள் காலிசெய்யும் வீடுகள். ஒரு குடும்பத்தின் வீட்டில் யார் தூங்கப்போகிறார் என்பதுவரை, அந்தக் குடும்பத்துக்குச் செய்தி தெரிவதற்கு முன்பே முடிவாகிவிட்டது.

செப்டம்பர் 28 அன்று இரண்டாவது தீர்மானம் வந்தது. எல்லை மாவட்டங்கள் போதாது, தூரக் கிழக்கு முழுவதிலிருந்தும் கொரியர்கள் அகற்றப்பட வேண்டும் என்றது. எல்லையிலிருந்து தொலைவில் இருப்பவரும் குற்றவாளி என்றால், காரணம் எல்லையா, இனமா என்ற கேள்விக்கு அந்த ஒரு மாதத்தில் விடை கிடைத்துவிட்டது. அக்டோபர் 25 அன்று வேலை முடிந்ததாக ரகசியப் போலீஸ் தலைவர் நிகோலாய் யெழோவ் அறிக்கை கொடுத்தார். 124 ரயில்கள். 36,442 குடும்பங்கள். 1,71,781 பேர். அவர்களில் 95,256 பேர் கஜகஸ்தானுக்கும் 76,525 பேர் உஸ்பெகிஸ்தானுக்கும் போனார்கள். ஓர் ஆள் விடாமல் எண்ணியிருக்கிறார்கள். வழியிலும் அந்த முதல் பனிக்காலத்திலும் செத்தவர்களை அப்படி எண்ண யாரும் அக்கறை கொள்ளவில்லை.

தூரக் கிழக்கில் இதை நடத்தியவர் கென்ரிக் லியுஷ்கோவ் என்ற ரகசியப் போலீஸ் அதிகாரி. 1938 ஜூன் 13 அன்று, தன் தலைமேலும் கத்தி தொங்குவதை உணர்ந்த அவர், எல்லையைத் தாண்டி மஞ்சூகோவுக்குள் போய் ஜப்பானியரிடம் சரணடைந்தார். சோவியத் படையின் நிலைகள் உட்பட தெரிந்ததையெல்லாம் அவர்களிடம் சொன்னார். ஜப்பானுக்கு உளவு பார்ப்பார்கள் என்று ஒன்றேமுக்கால் லட்சம் மக்களை வேரோடு பிடுங்கிய மனிதர் செய்த காரியம் இது.

செப்டம்பர், அக்டோபர் என்பது அங்கே அறுவடைக் காலம். நெல் முற்றி நின்ற வயல்களை விட்டுக் கிளம்பினார்கள். மூட்டை கட்டச் சில நாள்களே அவகாசம். கால்நடைக்கும் கதிருக்கும் ரசீது எழுதிக் கொடுத்தார்கள், அந்த ரசீதுக்கு உரிய பொருள் பலருக்குக் கடைசிவரை வந்துசேரவில்லை. கிளம்புவதற்கு முன்பே சமூகத்தின் ஆசிரியர்களும் எழுத்தாளர்களும் கட்சி ஊழியர்களும் பெருந்தொகையாகக் கைது செய்யப்பட்டிருந்தார்கள். கொரியாவிலிருந்து ஜப்பானிய அடக்குமுறைக்குத் தப்பி வந்து சோவியத் மண்ணில் எழுதிக்கொண்டிருந்த ஜோ மியோங்-ஹுய் அவர்களில் ஒருவர், 1938 மே மாதம் சுட்டுக்கொல்லப்பட்டார். கேள்வி கேட்கக்கூடியவர்களை முதலில் அகற்றிவிட்டு, மற்றவர்களை ரயிலேற்றினார்கள்.

சரக்குப் பெட்டிகளில் பலகை அடித்து இரண்டு தட்டுகளாக்கி, நடுவில் ஓர் இரும்பு அடுப்பு வைத்து, ஒரு பெட்டியில் பல குடும்பங்களை ஏற்றினார்கள். 6,000 கிலோமீட்டருக்கு மேற்பட்ட பயணம், ஒரு மாதம் அல்லது அதற்கும் மேல் நீண்டது. முதலில் உதிர்ந்தவர்கள் குழந்தைகளும் முதியவர்களும். ரயில் நிற்கும் இடத்தில், இருப்புப் பாதைக்குப் பக்கத்திலேயே புதைத்துவிட்டுப் பெட்டிக்குத் திரும்பியவர்களின் நினைவுகள் பல குடும்பங்களில் வாய்வழியாக வந்திருக்கின்றன. கொரிய மரபில் மூதாதையரின் கல்லறைக்கு ஆண்டுதோறும் போய்ப் புல் செதுக்கிப் படையல் வைப்பது மகன்களின் தலையாய கடமை. எந்த நிலையம் என்றே தெரியாத இடத்தில் தாயைப் புதைத்துவிட்டு வந்தவனுக்கு அந்தக் கடமை வாழ்நாள் முழுவதும் தீராமல் கிடந்திருக்கும்.

கஜகஸ்தானில் 'காலி நிலம்' இருந்தது உண்மை. எப்படிக் காலியானது என்பதைத் தீர்மானம் சொல்லவில்லை. 1930 முதல் 1933 வரை, மேய்ச்சல் வாழ்க்கை நடத்திய கஜக்குகளின் மந்தைகளைப் பறித்துக் கூட்டுப்பண்ணைகளில் அடைத்ததன் விளைவாக மூண்ட பஞ்சத்தில் சுமார் 15 லட்சம் பேர் இறந்தார்கள். இன்னும் பல லட்சம் பேர் நாட்டை விட்டே ஓடினார்கள். அந்தப் பேரழிவு நடந்து நான்கே ஆண்டுகளில் கொரியர்களின் ரயில்கள் வந்து நின்றன. பேரரசின் குடியமர்த்தல் கொள்கையைப் பற்றி எழுதுபவர்கள் அகற்றப்பட்ட இடத்தைப் பார்ப்பார்கள், போய்ச் சேர்ந்த இடத்தை அதிகம் பார்க்கமாட்டார்கள். இரண்டும் ஒரே கணக்குப் புத்தகத்தின் இரு பக்கங்கள். ஓரிடத்தில் ஆள் குறைந்தால் இன்னோரிடத்திலிருந்து நிரப்பிக்கொள்ளலாம் என்று, மனிதர்களைத் தானிய மூட்டை போலக் கையாளும் கணக்கு.

அல்மாட்டிக்கு வடக்கே உஷ்தொபே என்ற ரயில் நிலையத்தில் முதல் கூட்டங்களில் ஒன்று இறக்கிவிடப்பட்டது. வீடுகள் இல்லை. பனிக்காலம் வாசலில் நின்றது. அருகிலிருந்த பஸ்தொபே குன்றின் காற்றுப்படாத சரிவில் குழி தோண்டி, மேலே நாணலும் மண்ணும் பரப்பி, அதற்குள் குடும்பங்கள் பனிக்காலத்தைக் கடத்தின. தங்கள் பஞ்சத்தில் பிள்ளைகளைப் பறிகொடுத்த கஜக் பெண்கள் ரொட்டி கொண்டுவந்து கொடுத்ததை மத்திய ஆசியக் கொரியர்கள் இன்றும் சொல்லிச் சொல்லி நன்றி பாராட்டுகிறார்கள். இவ்வளவு பெரிய கதையில் மனிதரை மனிதராகப் பார்த்த செயல், எதுவுமில்லாதவர்களிடமிருந்துதான் வந்தது.

அடுத்த ஆண்டுகளில் மொழி பறிபோனது. 1938இல் கொரியப் பள்ளிகள் ரஷ்ய மொழிப் பள்ளிகள் ஆக்கப்பட்டன. விளாடிவோஸ்டாக்கிலிருந்து கஜகஸ்தானின் கிசிலோர்டா நகரத்துக்கு வந்துசேர்ந்த ஆசிரியர் கல்லூரியும் ரஷ்ய மொழிக்கு மாறியது. மிஞ்சியவை இரண்டு: ஒன்று, 'லெனின் கிச்சி' என்ற பெயரில் கிசிலோர்டாவில் 1938இல் தொடங்கப்பட்ட செய்தித்தாள். மற்றொன்று நாடகக் குழு. அந்த நாடகக் கொட்டகையின் காவலாளியாக வயதான ஒருவர் வேலை பார்த்தார். பெயர் ஹோங் போம்-தோ. 1920இல் மஞ்சூரியாவின் போங்கோதோங் பள்ளத்தாக்கில் ஜப்பானியப் படையைத் தோற்கடித்த கொரிய விடுதலைப் போரின் தளபதி அவர். ஜப்பானின் உளவாளிகளாக மாறக்கூடிய இனம் என்று ரயிலேற்றப்பட்ட கூட்டத்தில் அவரும் இருந்தார். 1943 அக்டோபர் 25 அன்று கிசிலோர்டாவில் இறந்தார். நாடு விடுதலை அடைய இன்னும் இரண்டு ஆண்டுகள் இருந்தன. 2021 ஆகஸ்டில்தான் அவருடைய எலும்புகள் தென் கொரியாவுக்குக் கொண்டுசெல்லப்பட்டன.

உஸ்பெகிஸ்தானிலும் சிர் தரியா ஆற்றுப் படுகையிலும் நாணல் காடுகளை வெட்டி, வாய்க்கால் இழுத்து நெல் வயல்களாக்கினார்கள். தாஷ்கண்ட் அருகேயுள்ள 'துருவ நட்சத்திரம்' கூட்டுப்பண்ணையின் தலைவர் கிம் பென்-ஹ்வா இருமுறை சோசலிச உழைப்பு வீரர் பட்டம் பெற்றார். இந்த வெற்றிக் கதைகளைச் சோவியத் அரசு பெருமையாகக் காட்டியது. இன்றும் சிலர், போன இடத்தில் நன்றாகத்தானே வாழ்ந்தார்கள் என்கிறார்கள். இந்த வாதத்தை என்னால் பொறுத்துக்கொள்ள முடியவில்லை. அவர்கள் நன்றாக வாழ்ந்தது அவர்களின் உழைப்பால். அதே உழைப்பைத்தான் அவர்கள் போசியெத்திலும் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். ஜெர்மனியோடு போர் மூண்டபோது கொரிய இளைஞர்களில் பெரும்பாலோர் படையில் சேர்க்கப்படவில்லை. 'உழைப்புப் படை' என்ற பெயரில் சுரங்கத்துக்கும் காட்டுக்கும் அனுப்பப்பட்டார்கள். பட்டம் கொடுத்த அரசு நம்பிக்கையைக் கொடுக்கவில்லை.

விட்டுவந்த இடத்துக்கு என்ன ஆயிற்று? 1937 பிப்ரவரியிலேயே, தூரக் கிழக்குக்கு வாருங்கள் என்று நாட்டின் இளம் பெண்களுக்கு, அங்கே பணியாற்றிய ராணுவ அதிகாரி ஒருவரின் மனைவி வாலென்தினா ஹெதகூரவா விடுத்த அழைப்பு செய்தித்தாளில் வெளியாகி, பல்லாயிரம் பேர் விண்ணப்பித்திருந்தார்கள். நம்பகமானவர்களை உள்ளே கொண்டுவருவதும் நம்பத்தகாதவர்கள் என்று முத்திரை குத்தியவர்களை வெளியே அனுப்புவதும் ஒரே ஆண்டில், ஒரே நிலத்தில் நடந்தன. 1938 கோடையில் போசியெத் வட்டாரத்தின் ஹசான் ஏரிக் கரையில் சோவியத் படையும் ஜப்பானியப் படையும் மோதின. ராணுவம் அஞ்சிய போர் வந்தேவிட்டது. அந்த மண்ணின் ஒவ்வொரு மேட்டையும் அறிந்த கொரியர்கள் அப்போது அங்கே இல்லை.

கொரியர்களிடம் ஒத்திகை பார்த்த முறை பிறகு வேகமெடுத்தது. 1941 ஆகஸ்டில் வோல்கா ஜெர்மானியர்கள். 1943 இறுதியில் கராச்சாய்களும் கால்மிக்குகளும். 1944 பிப்ரவரி 23 அன்று செச்சென், இங்குஷ் மக்கள். மே 18 அன்று கிரிமியத் தாத்தார்கள். நவம்பரில் ஜார்ஜியாவின் துருக்கி எல்லையோர மெஸ்கெத்தியத் துருக்கியர். ஒவ்வொன்றும் தனித்தனியாக எழுதவேண்டிய துயரம். ஆனால் ரகசியத் தீர்மானம், முழு இனத்தையும் குறிவைத்தல், கெடு, சரக்கு ரயில், மத்திய ஆசியா என்ற வரிசை 1937இல் அமைந்தது.

ஸ்டாலின் மறைந்த பிறகு கட்டுப்பாடுகள் தளர்ந்தன. சிலர் தூரக் கிழக்குக்குத் திரும்பினார்கள். பெரும்பாலோர் திரும்பவில்லை, பிள்ளைகளின் ஊர் மத்திய ஆசியாவாகிவிட்டது. 1989 கணக்கெடுப்பில் சோவியத் ஒன்றியத்தில் சுமார் 4,39,000 கொரியர்கள் இருந்தார்கள். அரசு செய்தது தவறு என்று ரஷ்ய நாடாளுமன்றம் தீர்மானமாகச் சொன்னது 1993 ஏப்ரல் 1 அன்று. ரயிலேறிய தலைமுறையில் பெரும்பாலோர் அதற்குள் போய்ச் சேர்ந்திருந்தார்கள்.

அவர்கள் தங்களைக் கொரியர் என்று சொல்லிக்கொள்வதில்லை. 'கோர்யோ சராம்' என்கிறார்கள், அதாவது கோர்யோ மனிதர்கள். கோர்யோ என்பது கொரியாவின் பழைய பெயர். விட்டுவந்த தூரக் கிழக்குக்கு அவர்களின் சொல் 'வோந்தோங்'. வீட்டில் பேசும் மொழி பழைய ஹம்கியோங் வழக்கிலிருந்து வந்தது. வேலை தேடி இன்று சோல் நகரத்துக்குப் போகிற இளைஞர்கள், மூதாதையர் நாட்டில் மொழி தெரியாத அந்நியர்களாக நிற்கிறார்கள். கிம்ச்சி செய்யும் முட்டைக்கோஸ் அந்தப் புல்வெளியில் கிடைக்காததால் அவர்களின் பாட்டிமார் கேரட்டைச் சீவி, பூண்டும் மிளகாயும் கொத்தமல்லி விதையும் போட்டுச் செய்த பண்டம் இன்று ரஷ்யா முழுவதும் கடைகளில் 'கொரியக் கேரட்' என்று விற்கிறது. கொரியாவில் அப்படியொரு பண்டம் இருந்ததே இல்லை.

பஸ்தொபே குன்றின் அடிவாரத்தில் இப்போது ஒரு நினைவுக்கல் நிற்கிறது. தூரக் கிழக்கிலிருந்து வலுக்கட்டாயமாகக் கொண்டுவரப்பட்ட கோர்யோ சராம் 1937 அக்டோபர் 9 முதல் 1938 ஏப்ரல் 10 வரை மண்குழிகளில் வாழ்ந்த முதல் குடியிருப்பு இது என்று அதில் பொறித்திருக்கிறார்கள். கல்லைச் சுற்றிலும் கல்லறைகள். பின்னால் வந்த தலைமுறைகள் அங்கே வந்து புல் செதுக்குகின்றன.